பொருநைக் கரையும் கரிசற் புறமும்

திருநெல்வேலிச் சீமை என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவன பொருநையாறும், அதன் இருமருங்கும் நெல் விளையும் வயல்களும், நெல்லையப்பர் திருக்கோயிலுமே. அச்சீமையின் பெரும்பகுதி ஆற்றுநீர் ஏறாத வானம் பார்த்த பூமி என்பதை ஆற்றங்கரையிலிருந்து எழுதினோர் எளிதில் மறந்துவிட்டனர். ஓட்டப்பிடாரம் அத்தகைய கரிசற் பூமியிலுள்ள ஊர். 1986-ஆம் ஆண்டு அக்டோபரில் மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்படும்வரை அவ்வூரும் திருநெல்வேலி மாவட்டத்தையே சார்ந்திருந்தது. நகரத்தார் வாழ்வையும் அதன் புறத்தே வாழ்ந்தார் வாழ்வையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றித் தென்பாண்டி நாட்டிற் சித்தாந்தக் கல்வி வளர்ந்த வரலாறு செவ்விதின் விளங்காது.

பொருநை பொதியிலில் தோன்றிப் புன்னைக்காயலிற் கடலொடு கலக்கும். அதன் நெறி முழுதும் தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கும். பருவக்காற்று இரண்டாலும் நீர் பெறுதலின் கார், பிசானம் என இருபோகம் விளைவிக்கும் பேறு அதற்குண்டு. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள. அவற்றுள் ஏழு பழமையானவை. கடைக்கண்ணதாகிய ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் ஆங்கிலேயராட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கட்டப்பட்டது. சுத்தமல்லி அணையினின்று பிரியும் நெல்லைக் கால்வாய் நகர்ப்புறத்து வயல்களுக்கு நீரூட்டும். பழவூர் அணையின் பாளையங்கால்வாய் எதிர்க்கரையில் பாளையங்கோட்டைப் பக்கம் பாயும். இருகரை ஊர்களும் ஓடத்தையே நம்பியிருந்த காலத்தில், சுலோசன முதலியார் தம் பொருளைக் கொடுத்துப் பாலம் அமைப்பித்தார். 1843-இல் திறக்கப்பட்ட அப்பாலம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அரசினர் கடமையைத் தனியொருவர் மேற்கொண்டு செய்த அச்செயல் கோயிற் றிருப்பணிக்கு ஒருவாற்றானும் குறைந்ததன்று.

நகரத்தின் பழமைக்குத் திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய பதிகமே போதிய சான்று. அது மூன்றாந் திருமுறையில் உள்ளது. நின்றசீர் நெடுமாற நாயனார் வென்ற நெல்வேலிப் போர் பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வேள்விக்குடிச் செப்பேடும் அப்போரைக் குறிக்கின்றது. அந்நெல்வேலி இவ்வூரே என்பர் சிலர். பிறிதோர் ஊர் என்பர் சிலர். போர்க்களம் எதுவாயினும், நாயனாருக்கும் சம்பந்தருக்கும் இருந்த தொடர்பு இந்நகரத்தார் பத்தியிற் கலந்துவிட்டமையின், அவ்வழக்கு முடிவு பெறாமையால் அவர்க்கு இழப்பொன்றுமில்லை.

நெல் விளைந்த இடத்தில் கோயில் தழைத்தது. கோயில் தழைத்த இடத்தில் மடம் நிலைத்தது. சோழநாட்டுத் திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் பொருநைப் பாசனத்தில் நிலங்களும் கிளை மடங்களும் அமைந்தன. திருநெல்வேலி ஈசான மடம் அவற்றுள் ஒன்று. மடத்து அடியார் இவ்வாறு வந்து போனமையின் பயன், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் புலப்பட்டது. அவ்வூரில் ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகவாய்ப் பிறந்த முக்களாலிங்கர், வழியிற் கண்ட ஆதீனத் துறவியரை அமுது செய்விக்க இல்லத்திற்கு அழைத்துச் சென்று, பின் அவரொடு போந்து சிவஞான முனிவராயினார் என்பது வரலாறு. 1785-இற் சிவபதம் எய்திய அம்முனிவர் சிவஞானபோதத்துக்கு இயற்றிய மாபாடியம், நெடுங்காலம் ஏட்டளவில் மடத்தகத்தே போற்றப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேதான் முற்றும் அச்சேறியது. ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபர சுவாமிகளும் இவ்வாற்றின் பிள்ளையே.

இவற்றைக் கொண்டு, சித்தாந்தக் கல்வி நன்செய் வருவாயில் வளர்ந்த கல்வி. அவ்வருவாய் இல்லார்க்கு அஃது எட்டாதது என்று கூறுவாருளர். இக்கூற்றிற் பாதி மெய்யே. ஏடெழுதுவாரும் கற்பாரும் உண்ணவேண்டும். உணவு வயலினின்றே வரவேண்டும். ஆயினும் மற்றைப் பாதியை ஓட்டப்பிடாரம் மறுத்து நிற்கின்றது.

கரிசற் பூமிக்கு ஐப்பசி கார்த்திகை மழையே கதி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அந்நிலத்தின் விளைபொருள்கள். ஒரு வியப்பு: கரிசலில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிய பருத்தி, அயல்நாட்டுச் சந்தையில் ‘தின்னவேலிப் பருத்தி’ என்றே விலைபோயிற்று. விளைத்தவன் கரிசலான், பெயரோ ஆற்றங்கரை நகரத்தது. கல்வியிலும் அவ்வாறே நிகழ்ந்துவந்தது.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, திண்ணைப் பள்ளியிற் றொடங்கித் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கற்று, வழக்கறிஞராயினார். 1906-இல் அவர் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் கதை யாவரும் அறிந்ததாகலின் ஈண்டு விரிப்பது வேண்டா. 1908 மார்ச் 12-இல் அவர் சிறைப்பட்டதும், மறுநாள் திருநெல்வேலி நகரமே கொதித்தெழுந்தது. நகரசபை அலுவலகம் தீக்கிரையாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். கரிசலிற் பிறந்த ஒருவர் பொருட்டு ஆற்றங்கரை நகரம் குருதி சிந்தியது அன்றுதான்.

சிறையினின்று மீண்டபின் செல்வமும் தொழிலும் இழந்த நிலையிலும் அவர் சுவடிகளை விட்டாரல்லர். திருக்குறள் மணக்குடவர் உரையையும், தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பித்தார். 1935-இல் சிவஞானபோதத்துக்குத் தாமே ஓர் உரை இயற்றி வெளியிட்டார். பன்னிரண்டு சூத்திரத்து நாற்பது அடிகளுள் அடங்கிய அந்நூலை, வடமொழியும் தருக்கமும் முறையாகப் பயிலாத தமிழரும் கற்றற்கு ஏற்ப எளிய நடையில் அமைத்தது அவ்வுரை. மாபாடியத்தின் ஆழம் அதன்கண் இல்லை. அதனை அங்குத் தேடுதல் முறையுமன்று. மாபாடியம் மடத்து மாணாக்கர்க்கு எழுந்தது. இவ்வுரையோ மடத்து வாயிலை மிதித்தறியாதார்க்கு எழுந்தது. ஒன்றனுக்குப் பின்னால் ஆதீனத்து வயல்கள் இருந்தன. மற்றதனுக்குப் பின்னால் வறுமையே இருந்தது.

இவ்விரு நெறிக்கும் இடையே பாலமாயின அச்சுக்கூடங்களும் சபைகளும். 1920-இல் திருநெல்வேலியிற் றோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், மடத்து நூல்களை ஊர்தோறும் எட்டச் செய்தது. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் நடந்த சைவ சபைகளிற் கூடினோருட் கணக்கரும் வணிகரும் வழக்கறிஞரும் பலர். நிலவுடைமை அவர்க்கு ஒரு பொருட்டாயிருந்ததில்லை. உரை வெளிவந்த மறு ஆண்டு, 1936 நவம்பர் 18-ஆம் நாள், சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் உயிர் நீத்தார்.