டிராட்டோரியாவும் விருந்தகமும்

விலை உயர்ந்த இத்தாலிய உணவகங்கள் பல இன்று 'டிராட்டோரியா' என்று பெயர்ப்பலகை வைக்கின்றன. அந்தச் சொல்லின் வரலாறு அதற்கு இடம் தருவதில்லை. ரோமிலும் பொலோன்யாவிலும் அது பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் எளிய சாப்பாட்டுக் கடை. வட்டாரச் சமையலும், நண்பர்கள் நெடுநேரம் பேசியபடி உண்ணும் மேசையுமே அதன் அடையாளம். லத்தீன் 'டிராக்டாரே' என்றால் இழுத்தல், கையாளுதல். பிறகு ஒருவரை நடத்தும் விதத்தையும் குறித்தது. அதிலிருந்து, சமைத்து உபசரிப்பவர் 'டிராட்டோரே' ஆனார். அவருடைய இடம் டிராட்டோரியா. நம் இளைஞர்கள் நண்பரிடம் கேட்கும் 'ட்ரீட்' அதே வேரிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக வந்தது. 'ரெஸ்டாரன்ட்' என்ற சொல்லோ உடலுக்குத் தெம்பூட்டும் சாற்றைக் குறித்த பிரெஞ்சுச் சொல். ரெஸ்டாரன்டில் உணவு முதன்மை. டிராட்டோரியாவில் உபசரிக்கும் மனிதர் முதன்மை.

ஆகவே டிராட்டோரியாவுக்குத் தமிழில் 'உணவகம்' போதாது, 'விருந்தகம்' என்பதே நெருங்கி வரும். தொல்காப்பியத்தில் விருந்து என்பது புதுமை. பின்னர் புதிதாக வந்தவரையும், அவருக்கு இடும் உணவையும் குறித்தது. பழகிய நண்பர் எப்படி விருந்தாவார் என்று கேட்கலாம். பொருள் விரிந்துவிட்டது: இன்று நண்பருக்குத்தான் நாம் அதிகம் விருந்து வைக்கிறோம். காசு வாங்கும் இடத்துக்கு அந்தச் சொல் தகுமா என்றும் கேட்கலாம். காசு வாங்கும் இத்தாலிய உணவுக் கடையான 'ஓஸ்தெரியா'வின் பெயரும் விருந்தோம்புபவரையும் விருந்தினரையும் ஒருங்கே குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. காசு கைமாறுவதால் உபசரிப்பு பொய்யாகிவிடாது. அந்த உபசரிப்பு இருக்கும் சிறு கடைக்கே விருந்தகம் என்ற பெயர் உரியது.