போர்டில் லைட் எரியுது, டேட்டா மட்டும் வரலையா? ஆர்டுயினோ – கம்ப்யூட்டர் இணைப்பில் வரிசையாகப் பார்க்க வேண்டியவை என்ன?

ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தைய நாள் இரவு. போர்டில் லைட் எரிகிறது, கோடிலும் எரர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு எண்கூட வரவில்லை. ஆவடி, பூந்தமல்லி பக்கம் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மெஷினோடு கம்ப்யூட்டரை இணைத்துப் பார்ப்பவர்களுக்கும் பழக்கமான தலைவலி இது.

இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, ஓடிக்கொண்டிருந்த கோடை மாற்றி எழுதுவதுதான். கோளாறு பெரும்பாலும் கோடுக்கு வெளியேதான் இருக்கும். கேபிளில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

கேபிள் சரியா?

சில யுஎஸ்பி கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் வயர் மட்டுமே இருக்கும், டேட்டா வயர் இருக்காது. லைட் எரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு போர்டு வந்ததே தெரியாது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்து, கேபிளைச் செருகி எடுத்துப் பாருங்கள். 'காம் 3', 'காம் 5' போல ஒரு போர்ட் வந்து வந்து மறைய வேண்டும்.

மஞ்சள் குறி தெரிகிறதா?

ரிச்சி தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் போர்டுகள் பலவற்றில் யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 சிப் இருக்கும். மஞ்சள் குறி வந்தால் அதற்கான டிரைவரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். உபுண்டுவில் அனுமதி இல்லை என்று வந்தால், பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும்.

போர்ட்டை வேறு யாராவது பிடித்திருக்கிறார்களா?

ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பயன்படுத்த முடியும். ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டர் திறந்திருந்தால் பைத்தான் புரோகிராமுக்கு 'அனுமதி மறுப்பு'தான் கிடைக்கும். மானிட்டரை மூடினாலே போதும்.

கோணல் மாணலான எழுத்து வருகிறதா?

வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். இந்த இணைப்பில் நேரம் காட்டும் தனி வயர் கிடையாது. 9600 வேகத்தில் ஒரு பிட் சுமார் 104 மைக்ரோ செகண்ட் நீடிக்கும். 115200 என்றால் 9 மைக்ரோ செகண்டுக்கும் குறைவு. போர்டில் ஒன்று, கம்ப்யூட்டரில் வேறொன்று என்றிருந்தால் எழுத்து சிதறத்தான் செய்யும். இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும்.

முதல் கட்டளை மட்டும் காணாமல் போகிறதா?

ஆர்டுயினோ ஊனோவில், கம்ப்யூட்டர் போர்ட்டைத் திறந்ததும் போர்டு ரீசெட் ஆகும். அது எழுந்து வருவதற்குள் அனுப்பிய கட்டளை வீணாகிவிடும். போர்ட்டைத் திறந்த பிறகு 2 விநாடி காத்திருந்து அனுப்பினால் சரியாகிவிடும்.

புரோகிராம் அப்படியே நிற்கிறதா?

பைத்தானின் 'ரீட்லைன்', வரி முடிவுக் குறி வரும்வரை காத்திருக்கும். போர்டு 'பிரிண்ட்' என்று மட்டும் அனுப்பினால் அந்தக் குறி வராது, 'பிரிண்ட்எல்என்' என்று அனுப்ப வேண்டும். வந்த வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் குறிகளை நீக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

போர்டா, கம்ப்யூட்டரா?

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு சோதனை. ஊனோவில் ரீசெட் பின்னை கிரவுண்டோடு இணைத்து, 0, 1 பின்களை ஒரு வயரால் சேருங்கள். சீரியல் மானிட்டரில் டைப் செய்தது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், போர்ட் மூன்றும் சரி. அதன் பிறகு கோடைப் பாருங்கள். சோதனை முடிந்ததும் வயர்களை எடுத்துவிட வேண்டும். 0, 1 பின்களில் வேறு சென்சார் மாட்டியிருந்தாலும் தொடர்பு கெடும்.

பட்டறையில் கூடுதல் கவனம்

பழைய சிஎன்சி மெஷின்கள் பலவற்றில் ஆர்எஸ்-232 போர்ட் இருக்கும். 1960-ல் வந்த இந்த முறையில் மின்னழுத்தம் மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை போகலாம். ஊனோவின் பின்கள் தாங்குவது 0 முதல் 5 வோல்ட், இஎஸ்பி32 என்றால் 3.3 வோல்ட்தான். நேரடியாக இணைத்தால் போர்டு போய்விடும். நடுவில் மேக்ஸ்232 போன்ற மாற்றி சிப் கட்டாயம். அனுப்பும் வயர் எதிர்ப்பக்கம் பெறும் பின்னுக்குப் போக வேண்டும், இரு பக்க கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலில் இருந்துதான் தேட வேண்டிவரும்.