மூச்சைக் கவனித்த கணக்கு அதிகாரி

பொட்டி தட்டும் நம் உலகத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல் படாத பாடு படுகிறது. அது கலிபோர்னியா சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். இமயமலைச் சாமியார் சமாச்சாரம் என்கிறார்கள் வேறு சிலர். ஆபீஸுக்குள் அதைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ரங்கூன்காரர். சாமியார் இல்லை, நம்மைப் போல ஒன்பது மணிக்கு ஆபீஸ் போன ஆள் :-)

அவர் கதைக்கு முன்னால் கொஞ்சம் பின்னணி. 1885-ல் ஆங்கிலேயர்கள் பர்மாவின் கடைசி மன்னரை நாடு கடத்தினார்கள். மன்னர் ஆதரவு போனால் பௌத்தமும் போய்விடும் என்று துறவிகள் கவலைப்பட்டார்கள். லெடி சயாடோ (1846–1923) என்ற துறவி, மடத்துக்குள் இருந்த தியானத்தைக் குடும்பஸ்தர்களுக்கும் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் கற்றவர்களில் சயா தெட்ஜி ஒரு விவசாயி. அந்த விவசாயியிடம் 1937-ல் போய் உட்கார்ந்தவர்தான் நம் கதாநாயகர் ஊ பா கின்.

ஊ பா கின் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் பெற்ற அதே நாளில், நாட்டின் முதல் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆனார். பிறகு ஒரே சமயத்தில் மூன்று துறைகளுக்குத் தலைமை. நம்ம ஆணி புடுங்கும் கணக்கெல்லாம் அவர் முன்னால் நிற்காது! அத்தனைக்கும் நடுவில் ஆபீஸிலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தார். 1952-ல் ரங்கூனில் தனியாக ஒரு தியான மையமும் தொடங்கினார்.

அவரிடம் 1955-ல் வந்தவர் சத்ய நாராயண் கோயங்கா. மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒற்றைத் தலைவலி. வெளிநாடுகளில் வைத்தியம் பார்த்தும் தீரவில்லை. தலைவலி போக வேண்டும் என்பதற்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம் என்றாராம் ஊ பா கின். மனம் தெளிய வா, தலைவலி போனால் அது உபரி லாபம் என்பது அவர் கட்சி.

1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தொழில்களும் கடைகளும் அரசுடைமை ஆயின. கோயங்காவின் தொழில்களும் போயின. அதே அலையில்தான் நம் தமிழர்களும் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசியிருப்பவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். 1969-ல் இந்தியா வந்த கோயங்கா பம்பாயில் முதல் பத்து நாள் வகுப்பை நடத்தினார். 1976-ல் இகத்புரி மையம் தொடங்கியது. நான் இருக்கும் புனேயிலிருந்து அது ஒரு நாள் பயணத்துக்குள் வந்துவிடும். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பேச்சு கிடையாது, கட்டணமும் கிடையாது. "பத்து நாள் பேசாம இருப்பீங்களா? அதை வீட்லயே இருங்களேன்" என்றார் தங்கமணி.

இன்னொரு கிளை அமெரிக்கா போனது. 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்ற உயிரியல் விஞ்ஞானி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலிக்காரர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். படுத்துக்கொண்டு உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் அதிலுள்ள பயிற்சிக்கு வேர் ஊ பா கின் மரபுதான். 2007-ல் கூகிளில் சாட்-மெங் டான் என்ற இஞ்சினியர் சக ஊழியர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார். அப்புறம் நம்ம ஊர் டெக் பார்க் வரை வர எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தப் பயணத்தில் ஒன்று மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. ரங்கூனில் முதலில் கண்ணை மூடி உட்கார்ந்தவர் மேலதிகாரி. லஞ்சத்துக்கு இடம் கொடுக்காதவர் என்று பெயர் வாங்கியவர். தன்னைத் திருத்திக்கொண்டு கூடவே ஆபீஸையும் திருத்தினார். இன்று டேமேஜர் உட்காருவதில்லை, நம்மை உட்காரச் சொல்கிறார். ரிலீஸ் தேதி அப்படியே இருக்கிறது, ராத்திரி இரண்டு மணி போனும் அப்படியே இருக்கிறது.

பர்ன் அவுட் என்பது சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தால் வருவது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களை விட 35 சதவீதம் அதிகம் என்று 2021-ல் அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொன்னன. மூச்சைக் கவனித்தால் அந்த மணிக்கணக்கு குறையுமா என்ன?

அதற்காக மூச்சை விட்டுவிடச் சொல்லவில்லை. நானும் தினமும் காலையில் இருபது நிமிடம் உட்காருகிறேன். தோள் இறுகியிருக்கிறது, வயிறு எரிகிறது என்று அப்போதுதான் தெரிகிறது. ஒரே வாரத்தில் மூன்று ராத்திரி எழுந்திருந்தால் அதைக் குறித்து வைத்து, ஷிப்ட் போடும் கூட்டத்தில் தேதியோடு சொல்கிறேன். கோபமில்லாமல் சொல்ல முடிவது அந்த இருபது நிமிடத்தின் தயவு. போன மாதம் முதல் எங்கள் குழுவில் ராத்திரி வேலை நான்கு பேருக்குப் பதில் ஆறு பேருக்குப் பிரிந்திருக்கிறது.

ஊரை விட்டு இருக்கும் நமக்கு, "முகம் ஏன் வாடிக் கிடக்கு?" என்று கேட்க அம்மா பக்கத்தில் இல்லை. நம் முகத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தது என்ன என்பதை வாய் திறந்து சொல்லவும் வேண்டும்.