உறைந்த டைனமைட்டை உருக்கியவர்கள்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டால் பாட்டிலை வெயிலில் வைக்கிறோம். அவசரம் என்றால் அடுப்பு ஓரத்தில் வைக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. ஆனால் உறைந்திருப்பது டைனமைட்டாக இருந்தால்?

வேதியியல் ஆசிரியராக இருந்த காலத்தில் ஆல்பிரட் நோபலின் கதையைப் பல முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நண்பர்களே. 1847-ல் இத்தாலியின் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். 1864-ல் ஸ்டாக்ஹோம் அருகே நடந்த வெடிவிபத்தில் நோபலின் தம்பி எமில் இறந்தார். 1867-ல் அந்தத் திரவத்தை நுண்துளை மண்ணில் ஊறவைத்து நோபல் டைனமைட் செய்தார். பாடப்புத்தகம் இத்துடன் முடிந்துவிடும்.

நைட்ரோகிளிசரின் சுமார் 13 டிகிரி செல்சியஸிலேயே உறையும். ஊட்டியின் குளிரே போதும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலம் முழுக்க டைனமைட் குச்சிகள் கட்டையாக இறுகிக் கிடந்தன. உறைந்த குச்சி சரியாக வெடிக்காது. அமெரிக்காவில் ஹூசாக் சுரங்கப்பாதைக்கு நைட்ரோகிளிசரின் தயாரித்த மவ்ப்ரே என்பவர், அது உறைந்த நிலையில் எளிதில் வெடிக்காது என்று கண்டு, உறையவைத்தே வண்டியில் அனுப்பினார்.

ஆபத்து உருக்கும்போதுதான் வந்தது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடேறலாம். உருகும்போது எண்ணெய் போலக் கசிந்து சொட்டலாம். இதற்காக இரட்டைச் சுவர்ப் பாத்திரம் ஒன்று இருந்தது. வேறிடத்தில் காய்ச்சிய வெந்நீரை வெளி அறையில் ஊற்றி, உள் அறையில் குச்சிகளை வைக்க வேண்டும். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றவே கூடாது. ஆனால் விடியற்காலைக் குளிரில், வேலை காத்திருக்கும்போது, எத்தனை பேர் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நிற்பார்கள்? அடுப்பின் மேலும் கணப்பின் அருகிலும் வைத்து உருக்கியவர்கள் பலர். கையும் கண்ணும் உயிரும் போயின. எச்சரிக்கைகள் அச்சாகிக்கொண்டே இருந்தன, விபத்துகளும் நடந்துகொண்டே இருந்தன.

தீர்வு வேறு வழியில் வந்தது. தண்ணீரில் உப்பைக் கலந்தால் அது உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும் அல்லவா? அதே தத்துவம்தான். நைட்ரோகிளிசரினோடு நைட்ரோகிளைக்கால் என்ற பொருளைச் சேர்த்தால் கலவை எளிதில் உறையாது. அதற்கு மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால், இன்று கார் ரேடியேட்டர் உறையாமல் இருக்க ஊற்றுகிறோமே, அதுதான். 1920-களில் அது பெருமளவில் கிடைக்கத் தொடங்கியதும் டைனமைட்டை உருக்கும் வேலையே மெல்ல மறைந்தது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. நைட்ரோகிளைக்கால் எளிதில் ஆவியாகும். அந்த ஆவி வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களுக்குக் கடும் தலைவலி தந்தது. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமைகளில் சிலர் திடீரென இறந்ததையும் பின்னாளில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

விபத்து என்றதும் 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று எழுதி முடிப்பது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். உருக்கத் தேவையில்லாத டைனமைட் வந்த பிறகு, அதே தொழிலாளிகள் அந்த விதத்தில் சாகவில்லை. அவர்கள் திடீரென்று ஜாக்கிரதைக்காரர்கள் ஆகிவிடவில்லை. மாறியது பொருள்தான்.