பிலிப்பி சபைக்குப் பவுலின் நன்றிக்கடிதம்

பிலிப்பியர் நிருபம், பொ.யு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவுல் சிறையிலிருந்தபடி கிரேக்க மொழியில் எழுதிய கடிதம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் ஒன்று. தன் தேவையறிந்து பொருளுதவி அனுப்பிய சபைக்கு, அதை நிறுவிய போதகர் எழுதிய நன்றிக்கடிதமாகவும் இது அமைந்துள்ளது.

நகரமும் சபையும்

பிலிப்பி இன்றைய கிரேக்க நாட்டின் வடக்கில், மக்கெதோனியப் பகுதியில் இருந்த நகரம். அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப்பின் பெயரால் அழைக்கப்பட்டது. பொ.மு. 42-ல் இங்கு நடந்த போருக்குப் பின் ரோமானியப் படைவீரர்கள் குடியேற்றப்பட்டு, ரோமானியக் குடியேற்ற நகராயிற்று.

பவுல் ஏறத்தாழ பொ.யு. 50-ல் இங்கு வந்தார். ஆற்றங்கரையில் ஜெபத்திற்குக் கூடிய பெண்களிடம் அவர் பேசியதாகவும், அவர்களுள் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் என்பவர் ஞானஸ்நானம் பெற்றுத் தன் வீட்டில் அவரைத் தங்கவைத்ததாகவும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. இந்நகரில் பவுலும் சீலாவும் அடிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டனர்.

சபையின் உதவி

பவுல் அடுத்துச் சென்ற தெசலோனிக்கேவிற்கே பிலிப்பி சபை ஒன்றுக்கு மேற்பட்ட முறை உதவி அனுப்பியது. அவர் கொரிந்துவில் இருந்தபோது மக்கெதோனியாவிலிருந்து வந்தவர்கள் அவருடைய குறைவை நீக்கினர். மக்கெதோனியச் சபைகள் கடும் வறுமையில் இருந்தவை என்று பவுலே வேறொரு நிருபத்தில் குறிப்பிடுகிறார்.

அக்காலச் சிறைவாசிகள் உணவுக்கும் உடைக்கும் பெரும்பாலும் வெளியிலிருந்த உறவினரையும் நண்பர்களையும் நம்பியிருந்தனர். சபை அனுப்பிய பொருளை எப்பாப்பிரோதீத்து என்பவர் பவுலிடம் சேர்த்தார். அங்கு அவர் நோயுற்று மரணத்தின் விளிம்புவரை சென்றார். குணமடைந்த அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பும் பவுல், மதிப்புடன் வரவேற்கும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறார்.

நன்றியில் இருந்த சிக்கல்

ரோமானியச் சமூகத்தில் கொடை பெற்றவர் கொடுத்தவருக்குக் கடமைப்பட்டவர் ஆனார். செல்வர்களை அண்டி வாழ்ந்த போதகர்கள் அவர்கள் விருப்பப்படி பேச வேண்டிய நிலை இருந்தது. கொரிந்துவில் பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். அச்சபையிடம் பணம் பெற மறுத்தார். அது அங்கே மனக்கசப்பையும் உண்டாக்கியது. பிலிப்பியரிடம் மட்டும் அவர் தயக்கமின்றிப் பெற்றுக்கொண்டார்.

ஆகவே அவருடைய நன்றி கவனமாக அமைந்தது. கடிதத்தின் தொடக்கத்தில் அவர்களின் பங்கேற்புக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். பொருளைப் பற்றி இறுதியில்தான் வெளிப்படையாகப் பேசுகிறார். குறைவிலும் நிறைவிலும் வாழப் பழகிவிட்டதாகக் கூறிவிட்டு, தன் துன்பத்தில் அவர்கள் பங்குகொண்டது நல்ல செயல் என்கிறார்.

இப்பகுதியில் அவர் வணிகச் சொற்களைக் கையாள்கிறார். கொடுக்கல் வாங்கல் கணக்கில் தன்னோடு பங்குகொண்ட ஒரே சபை அதுவே என்கிறார். அவர் பயன்படுத்தும் ‘அபெகோ’ என்ற கிரேக்கச் சொல், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் பற்றுச்சீட்டுகளில் ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்ற பொருளில் வருவது. பலன் சபையின் கணக்கில் வரவாகும் என்றும், பொருள் கடவுளுக்குப் படைத்த பலி என்றும், அவர்களின் குறைவைக் கடவுள் நிறைவாக்குவார் என்றும் எழுதுகிறார். இதனால் திருப்பிச் செலுத்துபவர் கடவுளாகிறார். போதகரும் சபையும் கூட்டாளிகளாகவே நிற்கின்றனர்.

இந்த நெருக்கம் கண்டிப்பைத் தடுக்கவில்லை. சபையில் கருத்து வேறுபட்டிருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களைப் பெயர் சொல்லி அழைத்து, ஒருமனப்படுமாறு அதே கடிதத்தில் வேண்டுகிறார்.

ஆய்வும் பின்வரலாறும்

கடிதம் ரோமிலிருந்து எழுதப்பட்டது என்பது மரபான கருத்து. எபேசு, செசரியா ஆகிய இடங்களையும் ஆய்வாளர்கள் முன்வைக்கின்றனர். நன்றிப் பகுதி இறுதியில் வருவதால், அது முதலில் தனிக் கடிதமாக இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் பொலிகார்ப் இச்சபைக்கு எழுதியபோது, பவுல் அவர்களுக்கு எழுதியதை நினைவூட்டினார். நான்காம் நூற்றாண்டில் பிலிப்பியில் பவுலின் பெயரால் ஒரு தேவாலயம் எழுந்தது. அதன் பெயரைத் தாங்கிய மொசைக் கல்வெட்டு அகழாய்வில் கிடைத்துள்ளது. பிலிப்பியின் தொல்லியல் களம் 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.