லிஸ்ட் யார் கையில்? என்எஃப்எல் டிராஃப்டின் கதை

இந்த எபிசோட் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியது. ஹெல்மெட் போட்டுக்கிட்டு மோதுவாங்களே, அதுதான். ரூல்ஸ் தெரியலைன்னாலும் பரவாயில்லை, ஏன்னா நான் பேசப்போவது மேட்ச் பற்றி இல்லை. மேட்சே நடக்காத மூன்று நாட்களைப் பற்றி. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் கடைசியில் என்எஃப்எல்லின் 32 டீம்களும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதுக்குப் பெயர் டிராஃப்ட். 2024ல் டெட்ராய்ட் நகரத்தில் நடந்தபோது மூன்று நாட்களில் 7 லட்சத்து 75 ஆயிரம் பேருக்கும் மேல் வந்தார்கள். மேடையில் ஒருவர் வந்து ஒரு பெயரைப் படிப்பார். நிகழ்ச்சியே அவ்வளவுதான்.

ஐபிஎல் ஏலத்தோடு இதைக் குழப்பிக்காதீங்க. ஏலத்தில் இரண்டு டீம் முட்டிக்கொண்டால் ஆட்டக்காரருக்கு விலை ஏறும். இங்கே முட்டலே கிடையாது. போன சீசனில் கடைசியாக வந்த டீம் முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில் எடுக்கும். உங்களை எந்த டீம் எடுத்ததோ அந்த டீமோடு மட்டும்தான் நீங்க சம்பளம் பேச முடியும்.

இதைச் சுற்றி ஒரு பெரிய தொழிலே இருக்கு. டிராஃப்டுக்குப் பல மாதம் முன்பே யார் யாரை எடுப்பார்கள் என்று முழு வரிசையையும் எழுதிவிடுவார்கள், அது மாக் டிராஃப்ட். முடிந்த மறுநாளே ஒவ்வொரு டீமுக்கும் ஏ, பி, சி என்று மார்க் போட்டுவிடுவார்கள். மெஷின் லேர்னிங் பக்கம் எட்டிப் பார்த்த யாருக்கும் இங்கே ஒரு விஷயம் உறுத்தும். மாக் டிராஃப்ட் கணிப்பது ஒரு பையன் எப்படி ஆடுவான் என்பதை இல்லை. 32 டீம்களும் என்ன முடிவெடுக்கும் என்பதைத்தான். மறுநாள் மார்க் போடுபவர் ஒப்பிடுவதும் களத்தோடு இல்லை, தன் கையில் இருக்கும் லிஸ்ட்டோடுதான். ஒரு கணிப்பை இன்னொரு கணிப்பை வைத்துத் திருத்துகிறார். அதனால இந்த வரலாறு முழுக்க நான் தேடிப் பார்த்த கேள்வி ஒன்றுதான்: அந்த லிஸ்ட் யார் கையில் இருந்தது, அதில் யார் பெயர் இருந்தது?

1935க்குப் போவோம். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமின் முதலாளி பெர்ட் பெல். டீம் படுமோசம்; அந்த வருஷம் 2 வெற்றி, 9 தோல்வி. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் சிகாகோ, நியூயார்க், கிரீன் பே மாதிரி பலமான டீம்களுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டான் கோஸ்ட்கா என்ற மினசோட்டா ஆட்டக்காரரைப் பிடிக்கப் பெல் முயன்றார். வேறு டீம்கள் விலையை ஏற்றின, கடைசியில் அவர் புரூக்ளினுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பெல் மற்ற முதலாளிகளிடம் வைத்த யோசனைதான் டிராஃப்ட். பலவீனமான டீமுக்கு முதல் வாய்ப்பு என்று சொன்னால் நியாயமாத்தான் கேக்குது. கூடவே ஆட்டக்காரரின் பேரம் பேசும் சக்தியும் அன்றைக்கே போய்விட்டது. எல்லா முதலாளிகளும் ஒத்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8, ஃபிலடெல்ஃபியாவில் பெல் குடும்பத்துக்குச் சொந்தமான ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில். பலகையில் 90 பெயர்கள் எழுதியிருந்தன. எந்த டீமிடமும் ஸ்கவுட் கிடையாது. பேப்பரில் படித்தது, தெரிந்தவர்கள் சொன்னது, இதுதான் டேட்டா. 9 டீம், 9 ரவுண்டு, 81 பேர். அதில் அந்த வருஷம் உண்மையிலேயே என்எஃப்எல்லுக்கு ஆட வந்தவர்கள் 24 பேர்தான். வரலாற்றின் முதல் பிக், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர், என்எஃப்எல்லில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஈகிள்ஸ் அவருடைய உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தது. அவர் கேட்ட பணத்தைப் பேர்ஸின் ஜார்ஜ் ஹாலஸ் தரவில்லை. மனுஷன் ஃபோம் ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார். ரொம்ப சரியான முடிவுன்னு நான் நினைக்கிறேன்.

அதே டிராஃப்டில் இரண்டு பேரைப் பாருங்க. பேர்ஸ் 78வதாக எடுத்த டான் ஃபோர்ட்மன் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் போனார். பெயர் பிடித்திருந்ததால்தான் ஹாலஸ் அவரை எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இன்னொருவர் டஃபி லீமன்ஸ். நியூயார்க் ஜயன்ட்ஸ் முதலாளியின் மகன் வெலிங்டன் மாரா அப்போது கல்லூரி மாணவர். ஊர் ஊராக வரும் பேப்பர்களைப் படித்துக் குறிப்பெடுப்பது அவர் பழக்கம். லீமன்ஸைக் கண்டுபிடித்து, நேரில் போய்ப் பேசி, அப்பாவை எடுக்க வைத்தார். லீமன்ஸ் முதல் வருஷமே லீகில் அதிக தூரம் ஓடியவர் ஆனார், அவரும் ஹால் ஆஃப் ஃபேம். ஒருத்தர் பெயர் பிடிச்சு எடுத்தார், இன்னொருத்தர் தேடிப் படிச்சு எடுத்தார். ரிசல்ட் ஒண்ணுதான். ஒரே ஒரு டிராஃப்டை வைத்து எது திறமை, எது அதிர்ஷ்டம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

அந்தப் பலகையில் யார் பெயர் இல்லை என்பதையும் பார்க்கணும். 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் ஜார்ஜ் டாலியஃபெரோ, 1949ல், அதுவும் 13வது ரவுண்டில். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கென்றே இருந்த கல்லூரிகளுக்குப் பெரும்பாலான டீம்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனா டேட்டா இருந்துச்சு. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் பில் நன் என்ற விளையாட்டு நிருபர் வருஷாவருஷம் அந்தக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலை வெளியிட்டார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் டீம் அவரது ஊரிலேயே இருந்தது. 1960களின் கடைசியில்தான் அவரை ஸ்கவுட் வேலைக்கு அழைத்தார்கள்.

அடுத்து நடந்தது 1974. அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஜான் ஸ்டால்வொர்த் என்ற பையன். ஸ்கவுட்கள் கும்பலாகப் போய் அவன் ஓடும் வேகத்தை அளந்த அன்றைக்கு மைதானம் ஈரம். நேரம் சுமாராக வந்தது. நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டு, மறுநாள் காய்ந்த தரையில் திரும்ப ஓடவிட்டு அளந்தார் என்று சொல்வார்கள். ஸ்டீலர்ஸ் அவரை நான்காவது ரவுண்டில் எடுத்தது. அந்த ஒரே டிராஃப்டில் லின் ஸ்வான், ஜாக் லாம்பெர்ட், ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர், நால்வருமே ஹால் ஆஃப் ஃபேம். யாரும் எடுக்காமல் விட்ட டானி ஷெல் என்பவரையும் அதே வருஷம் சேர்த்துக்கொண்டார்கள். அவரும் ஹால் ஆஃப் ஃபேம். டிராஃப்ட் வரலாற்றிலேயே சிறந்தது இதுதான் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். மற்றவர்கள் வேண்டாம்னு ஒதுக்கி வைத்த டேட்டாவை நன் இருபது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தார். பில் நன்னுக்கு 2021ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 2014லேயே அவர் இறந்துவிட்டார்.

இப்போ நம்ம ஆளு ஒருத்தர் கதைக்குள்ள வர்றார். 1960களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் டீமின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், ஸ்கவுட்களின் தனிப்பட்ட விருப்பு வெறுப்பைத் தாண்டி ஆட்டக்காரர்களை எடைபோட கம்ப்யூட்டரைப் பயன்படுத்த முடியுமா என்று ஐபிஎம்மின் ஒரு துணை நிறுவனத்திடம் போனார். அங்கே இந்த வேலை ஒப்படைக்கப்பட்டவர் சலாம் குரேஷி, இந்தியாவிலிருந்து போன புள்ளியியல் நிபுணர். அவருக்குக் கிரிக்கெட் தெரியும், அமெரிக்கன் ஃபுட்பால் சுத்தமாகத் தெரியாது.

குரேஷிக்கு வந்த தலைவலி கணக்கு இல்லை, வார்த்தை. ஒரு கோச் ஒருத்தனை ‘வேகமானவன்’ என்று எழுதுவார், இன்னொருவர் அதே வார்த்தையை வேறு அர்த்தத்தில் எழுதுவார். க்ளையன்ட் ரெக்வயர்மென்ட் கேட்ட அனுபவம் இருக்கிறவங்களுக்கு இது புரியும். நூற்றுக்கணக்கில் இருந்த குணங்களை வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் ஐந்தாகச் சுருக்கினார்கள்: நடத்தை, சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, மூளைக் கூர்மை, பலம். ஒவ்வொன்றையும் ஸ்கவுட்கள் எண்களில் மதிப்பிட வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ள ராம்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸ் டீம்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கவ்பாய்ஸ் 1966லிருந்து 1985 வரை தொடர்ந்து 20 சீசன்கள் தோல்வியைவிட அதிக வெற்றி பெற்றது. அதுக்குக் கம்ப்யூட்டர் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். கோச் டாம் லாண்ட்ரி இருந்தார், ஸ்கவுட் தலைவர் கில் பிராண்ட் இருந்தார். ஆனால் மற்ற டீம்களும் மெதுவாக அதே வழிக்கு வந்தன. எல்லோரிடமும் ஒரே லிஸ்ட் இருந்தால் அந்த லிஸ்ட்டுக்கு மதிப்பு ஏது?

1980ல் லிஸ்ட் டிவிக்கு வந்தது. ஈஎஸ்பிஎன் சேனல் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, காட்ட நிகழ்ச்சி இல்லை. டிராஃப்டை ஒளிபரப்பவா என்று கேட்டார்கள். இதை யார் பார்ப்பார்கள் என்று என்எஃப்எல் தலைவர் பீட் ரோசெலுக்கே புரியவில்லை. 1984ல் பால்டிமோரைச் சேர்ந்த மெல் கைப்பர் என்ற இளைஞர் அந்தச் சேனலுக்கு வந்தார். கோச் இல்லை, ஆடியவரும் இல்லை. வீட்டிலிருந்து டிராஃப்ட் ரிப்போர்ட் எழுதி விற்றவர். லிஸ்ட் ஒன்று ரசிகர் கைக்கும் வந்தது.

1994ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு 2வது, 5வது வாய்ப்புகள். 2வதில் மார்ஷல் ஃபாக், அதில் யாருக்கும் சண்டை இல்லை. 5வதில் ட்ரெண்ட் டில்ஃபர் என்ற குவார்ட்டர்பேக்கை எடுக்காமல் ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார்கள். கைப்பர் நேரலையில் கிழித்துவிட்டார். கோல்ட்ஸ் மேலாளர் பில் டோபின் அதே நேரலையில் பதிலடி கொடுத்தார்: யார் இந்த மெல் கைப்பர், என் பக்கத்து வீட்டுத் தபால்காரருக்கும் இவருக்கும் தகுதியில் என்ன வித்தியாசம், என்கிற ரீதியில். அந்த வீடியோவை இன்னும் ஏப்ரல் மாதமானால் போடுவார்கள்.

சரி, யார் சொன்னது சரி? ஆல்பர்ட்ஸ் காயத்தால் மூன்றே சீசனில் ஓய்வு பெற்றார். அப்போ கைப்பர் ஜெயிச்சாரா? டில்ஃபர் டாம்பா பேயில் ஆறு வருஷம் சுமாராக ஆடினார். பிறகு பால்டிமோர் போய் 2001 ஜனவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார், ஆனால் அந்த டீம் ஜெயித்தது தடுப்பாட்டத்தால். ஜெயித்த கையோடு அவரை அனுப்பிவிட்டார்கள். கோல்ட்ஸோ, ஏற்கெனவே வைத்திருந்த ஜிம் ஹார்பாவை வைத்து 1995 சீசனில் சூப்பர் பவுலுக்கு ஒரு மேட்ச் தூரம் வரை போனது. இதற்கு என்ன மார்க் போடுவீங்க? காயத்தை யார் லிஸ்ட்டில் எழுத முடியும்?

டாம் பிரேடி கதை எல்லாருக்கும் தெரியும்: 2000, 199வது பிக், அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள். நியூ இங்கிலாண்ட் பேட்ரியட்ஸின் புத்திசாலித்தனம் என்று சொல்வார்கள். அதே பேட்ரியட்ஸ் அன்றைக்குப் பிரேடிக்கு முன்னால் வேறு ஆறு பேரை எடுத்திருந்தது. தெரிந்திருந்தால் 199 வரைக்குமா காத்திருப்பாங்க?

2005ல் கேட் மேஸியும், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலரும் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார்கள். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் மற்றவரைவிட நல்ல ஆட்டக்காரராக அமைய எவ்வளவு வாய்ப்பு? சுமார் 52 சதவீதம். காசு சுண்டுவதைவிட இரண்டு சதவீதம் மேல். அந்த இரண்டு சதவீத நம்பிக்கையில்தான் டீம்கள் வருங்கால வாய்ப்புகளை எல்லாம் அள்ளிக் கொடுத்து நான்கு இடம் மேலே ஏறுகின்றன.

ஆட்டக்காரருக்கு இது வேடிக்கை இல்லை. 2011க்குப் பிறகு முதல் ஒப்பந்தச் சம்பளம் பெரும்பாலும் பிக் நம்பரை வைத்தே முடிவாகிறது. 2025ல் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் ரவுண்டில் போவார் என்று பல மாக் டிராஃப்டுகள் எழுதின; கைப்பர் அவரை அந்த வருஷத்தின் சிறந்த குவார்ட்டர்பேக் என்றார். முதல் நாள் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஐந்தாவது ரவுண்டில், 144வதாக கிளீவ்லாண்ட் எடுத்தது. அதே கிளீவ்லாண்ட் மூன்றாவது ரவுண்டில் வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தது. முதல் பிக் கேம் வார்டுக்கு நான்கு வருஷத்துக்குச் சுமார் 4.8 கோடி டாலர், சாண்டர்ஸுக்குச் சுமார் 46 லட்சம் டாலர். கைப்பர் நேரலையில் கொதித்தார், 1994ல் கொதித்த மாதிரியே. அந்த மூன்று நாளும் யாரும் ஒரு பந்தைக்கூட வீசவில்லை; சாண்டர்ஸ் கீழே இறங்கியது டீம்களின் லிஸ்ட்டில், டிவியின் லிஸ்ட்டில் அவர் அதே இடத்தில்தான் இருந்தார்.

மறுநாள் காலை 32 டீம்களுக்கும் மார்க் வந்துவிட்டது. அடுத்த வருஷத்தின் முதல் மாக் டிராஃப்டுகளும் அப்போதே வர ஆரம்பித்துவிட்டன. ஆட்டக்காரர் எப்போதுதான் தன் டீமைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்வி கோர்ட் வரைக்கும் போயிருக்கு. அது அடுத்த எபிசோடில்.