சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு வீடு



கும்பகோணத்திற்கு வருவோர் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் நுழைந்ததும் தலை நிமிர்ந்து 11 நிலைக் கோபுரத்தைக் காண்பர். அது இயல்பே. ஆயினும் அத்தெருவிலே, தலையைச் சற்றுத் தாழ்த்திக் காணவேண்டிய வீடு ஒன்றும் உண்டு. கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த ஓட்டு வீடு அது. 2003ஆம் ஆண்டில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதனை வாங்கி, நினைவில்லமாகப் பேணி வருகிறது.

அரண்மனையைக் காணச் சென்றால் இங்கே சிம்மாசனம், அங்கே வாள் என்று சுட்டிக்காட்ட ஆள் உண்டு. இந்த வீட்டில் சுட்டிக்காட்டத்தக்க செல்வம் ஏதுமில்லை. வாயிலில் திண்ணை, தெருவை நோக்கிய சாளரத்தோடு ஒரு சிற்றறை, உள்ளே அடுக்களை, கொல்லையிலே கிணறு. தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். வருவாய் போதாமையால், கல்லூரியில் பயின்ற மாணாக்கர் சிலருக்கு இவ்வீட்டில் உணவும் இடமும் அளித்தனர். அவர்கள் வழியாகவே உயர்கணித நூல்கள் சிறுவன் கைக்கு எட்டின. காகிதம் வாங்கப் பொருளில்லை; ஆகவே பலகையில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, மீண்டும் எழுதினான். அத்திண்ணையைக் கண்ணால் கண்ட பிறகே இச்செய்திகள் நம் உள்ளத்தில் உருப்பெறுகின்றன.

ஆனால், வீட்டை மட்டும் கண்டு திரும்புவோர் வறுமையை வென்ற ஒரு மேதையின் கதையை மட்டுமே உடன் கொண்டு செல்வர். வரலாறு அவ்வளவு எளிதன்று. நடந்து செல்லும் தொலைவிலேயே வேறு இரு கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றையும் காணவேண்டும்.

ஒன்று, 1864இல் தோன்றிய நகர உயர்நிலைப் பள்ளி. 1904இல் அப்பள்ளி இராமானுஜனுக்குக் கணிதப் பரிசு வழங்கியது. முழு மதிப்பெண்ணுக்கும் மேலே பெறத்தக்கவன் இம்மாணவன் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவையறியப் பாராட்டினார். மற்றொன்று, காவிரிக் கரையில் அமைந்த அரசினர் கல்லூரி. அதே 1904இல் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமையால் அத்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமலே விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார்.

ஊரும் ஒன்று, மாணவனும் ஒருவன். பரிசுக்கும் தோல்விக்கும் இடையே அதிக நாள் செல்லவில்லை. கல்லூரியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எல்லாப் பாடங்களிலும் தேறவேண்டும் என்பது அக்கால விதி. விதிக்கு உட்பட்டே அவர்கள் நடந்தார்கள். நானும் அத்தகைய விதிகளுக்கு உட்பட்டுப் பல ஆண்டுகள் தேர்ச்சிப் பட்டியலில் கையொப்பமிட்டவன். ஆதலின் இம்மூன்று இடங்களையும் ஒரே நாளில் கண்டபோது, அந்த வீட்டைவிடப் பட்டியல்களே என் நினைவை நிறைத்தன. ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றவற்றில் மங்கிய பிள்ளைகள் எங்கே போனார்கள்? 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலையேனும் இராமானுஜனுக்குக் கிடைத்தது. 1914இல் கேம்பிரிட்ஜ் செல்லும் வழியும் திறந்தது. 1918இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. எல்லாருக்கும் அவ்வழி திறப்பதில்லை.

எனவே நான் வேண்டுவது இதுவே. நினைவில்லங்களைத் தனித்தனியே தொழுதுவிட்டு வராதீர்கள். அவ்வீட்டார் நடந்த தெரு, பயின்ற பள்ளி, இடறிய இடம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் காணுங்கள். பழைய தெருக்களில் திண்ணைகள் இடிக்கப்பட்டுக் கடைகளாக மாறி வருகின்றன. சுற்றிலும் திண்ணை வீடுகளே இல்லாமற் போனால், காக்கப்பட்ட ஒரு திண்ணையின் பொருளைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவோம்? உங்கள் ஊரிலும் இத்தகைய வீடும் பள்ளியும் இருக்கக்கூடும். அவை நிற்கும்போதே பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.